தேடாததும் தெரியாததும்

"ரிப்போர்ட் எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. ஏன் வருதுன்னு தெரியலை." வலிப்பு வரும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை ஏறி இறங்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் பதில் இது. எட்டு மாதமாகியும் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. கையில் கொடுத்த கிலுகிலுப்பை நழுவி விழுகிறது. நாளுக்கு நாலைந்து தடவை உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆனால் ஸ்கேன் நார்மல்.

இந்தப் பதிலுக்குள் மூன்று வேறு வேறு நிலைமைகள் கலந்து கிடக்கின்றன. காரணத்தை யாரும் முறையாகத் தேடவில்லை என்பது ஒன்று. தேடுவதற்கான தடயம் குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே எழுதப்படாமல் போய்விட்டது என்பது இன்னொன்று. இன்றைய மருத்துவத்துக்கே விடை தெரியாது என்பது மூன்றாவது. பெற்றோருக்குச் சொல்லப்படுவது என்னவோ ஒரே வாக்கியம்தான். தாங்கள் இந்த மூன்றில் எதில் நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நம் பக்கத்தில் மூன்றாவது கணக்கில் எழுதப்படுவதில் நிறைய, உண்மையில் முதல் இரண்டைச் சேர்ந்தவை என்பது என் கட்சி.

இதைப் பேச வேப்பம்பட்டு தோதான இடம். சென்னை–அரக்கோணம் தடத்தில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவிலுள்ள ஊர். சென்னைக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் மனை வாங்கி வந்து சேர்ந்த ஊர். ஆண்கள் அம்பத்தூர், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். மருத்துவ வசதிக்கு எட்டாத இடம் என்று யாரும் சொல்ல முடியாது. கிழக்கே போகும் மின்சார ரயில் சென்ட்ரலில் விட்டால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை கூப்பிடு தூரம். மேற்கே அரக்கோணம் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர் சிஎம்சி. பக்கத்திலேயே திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது கூடூர் தடத்தில் இருக்கிறது. சிப்காட் தொழிலாளி ஒருவரின் மனைவி குழந்தையோடு மாவட்டத் தலைநகருக்குப் போகப் பெரியபாளையம் வழியாகவோ ஊத்துக்கோட்டை வழியாகவோ பேருந்து மாற வேண்டும். அதற்கு ரயிலேறிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூருக்கோ போய்விடலாம். 'மாவட்டத்துக்கு ஒரு மையம்' என்று சென்னையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் ஒருமுறை இந்த வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

வலிப்பு என்றதும் நம் மனதில் வருவது கைகால் உதறி, கண் சொருகி, வாயில் நுரை தள்ளும் காட்சி. கைக்குழந்தைகளிடம் வரும் மிக மோசமான வகைகளில் ஒன்று அப்படி இருப்பதில்லை. ஐந்து மாதக் குழந்தை தூங்கி எழுகிறது. தலை சட்டென்று முன்னால் கவிழ்கிறது. இரண்டு கைகளும் விரிந்து மடங்குகின்றன. முழங்கால் வயிற்றை நோக்கி ஏறுகிறது. ஒரு நொடி, இரண்டு நொடி. அவ்வளவுதான். சில நொடிகள் கழித்து மறுபடி. இப்படிப் பத்து, இருபது, சில நேரம் நாற்பது தடவைகூட வரிசையாக வரும். முடிந்ததும் குழந்தை அழும். அந்த அழுகைதான் எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. வயிற்றுவலி என்கிறார் பாட்டி. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுகிறார். "மாந்தமா இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மருந்துக் கடையில் வயிற்று உப்புசத்துக்குச் சொட்டு மருந்து கிடைக்கிறது. சத்தம் கேட்டுத் திடுக்கிடுகிறது என்று சில மருத்துவர்களும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதற்கிடையில் முன்பு சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிடுகிறது.

இந்த நோயை முதலில் எழுதிவைத்தவர் ஒரு தகப்பன். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் மருத்துவம் பார்த்துவந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், 1841இல் 'லான்செட்' இதழுக்குத் தன் சொந்த மகனைப் பற்றிக் கடிதம் எழுதினார். நான்கு மாதம்வரை நன்றாக இருந்த பிள்ளை தலையை முன்னால் ஆட்டத் தொடங்கியதையும், அது போகப்போக முழங்கால்வரை குனியும் வெட்டாக மாறியதையும், ஒவ்வொரு தொடரிலும் பத்து முதல் இருபது தடவைக்கு மேல் வந்ததையும், நாளுக்கு இரண்டு மூன்று தொடர் என்பதையும் எண்ணி எழுதியிருந்தார். அட்டை விட்டுப் பார்த்தது, பேதி மருந்து, அபின் என்று தான் செய்த வைத்தியங்கள் எதுவும் பலிக்காததையும் ஒளிக்கவில்லை. லண்டனின் பெரிய மருத்துவர்களிடம் காட்டியபோது அவர்களில் ஒருவர், இதை முன்பே சில குழந்தைகளிடம் பார்த்திருப்பதாகச் சொல்லி 'சலாம்' வலிப்பு என்று பெயரிட்டிருந்தார். குனிந்து சலாம் போடுவதுபோல் இருப்பதால். இன்று உலகம் முழுக்க வெஸ்ட் சிண்ட்ரோம் என்று இதைச் சொல்கிறார்கள். கடிதம் எழுதிய தந்தைக்கு எந்தக் கருவியும் இருக்கவில்லை. எத்தனை தடவை, எந்த நேரத்தில், எழுந்த உடனேயா, பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்ததும் எழுதியதும்தான் அவர் செய்தவை. 180 வருடம் கழித்தும் இந்த நோயைச் சந்தேகிக்க வைப்பது அதே விவரங்கள்தான்.

வேறுபாடு, இப்போது மருந்து இருக்கிறது. ஏசிடிஎச் ஊசி, பிரெட்னிசலோன் மாத்திரை, விகாபட்ரின் ஆகிய மூன்றும் முக்கியமானவை. பிரெட்னிசலோன் எந்த மருந்துக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆனால் நாள் கடக்கக் கடக்க மருந்தின் பலன் குறைகிறது. முதல் வெட்டு வந்த சில வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்குவது ஒன்று, ஆறு மாதம் கழித்துத் தொடங்குவது வேறொன்று. இந்தியாவில் வெஸ்ட் சிண்ட்ரோம் குழந்தைகள் சரியான மருத்துவரிடம் வந்து சேரப் பல மாதங்கள் ஆகின்றன என்பதை நம் மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அந்த மாதங்கள் வசம்பிலும் சொட்டு மருந்திலும் போனவை.

சரி, காரணம்? வெஸ்ட் சிண்ட்ரோமுக்கும், அதன் சுற்றத்திலுள்ள மற்ற கைக்குழந்தை வலிப்புகளுக்கும் இந்தியாவில் வெளிநாட்டுப் பாடப்புத்தகம் அவ்வளவாகப் பேசாத ஒரு காரணம் பெரிதாக நிற்கிறது. மும்பை ஹிந்துஜா மருத்துவமனையின் குழந்தை நரம்பியல் மருத்துவர் விரஜேஷ் உடானியும் சகாக்களும் 2009இல் இதை எடுத்துக் காட்டினார்கள்: பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் ரத்தச் சர்க்கரை அளவு மிகக் குறைந்து போவது. அப்படிக் குறையும்போது மூளையின் பின்பகுதி, பார்வைக்கான பகுதி, முதலில் அடிபடுகிறது. குழந்தை அப்போதைக்குச் சோர்ந்து கிடக்கும், பால் குடிக்காது. "தூங்குமூஞ்சியா இருக்கான்" என்பார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் தேறிவிடும், வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். நான்கு மாதம் கழித்து வலிப்பு ஆரம்பிக்கும்போது அந்தச் சோர்ந்த நாளை யாரும் இதோடு முடிச்சுப் போடுவதில்லை.

எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், கர்ப்பத்தில் சர்க்கரை நோய் இருந்த தாயின் குழந்தைக்கும், பிறந்ததும் தாய்ப்பால் கிடைக்கத் தாமதமான குழந்தைக்கும் இந்த ஆபத்து அதிகம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சை என்கிறது 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தையல் வலியில் தாய் படுத்திருக்க, குழந்தைக்குச் சீனித் தண்ணீரில் சேனை தொட்டு வைத்துவிட்டு அன்று சாயங்காலம்தான் மார்பில் போடும் வீடுகள் இன்னமும் உண்டு. குதிகாலில் குத்தி ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் பட்டையின் விலை ஒரு டீயும் வடையும். பார்த்தார்களா, பார்த்திருந்தால் எத்தனை இருந்தது என்பதுதான் கேள்வி. டிஸ்சார்ஜ் அட்டையில் 'நார்மல்' என்று மட்டும் இருந்தால் அந்தக் குழந்தையின் வலிப்பு பிறகு 'காரணம் தெரியாதது' ஆகிவிடும். தடயம் எழுதப்படாமல் போவது என்று நான் சொன்னது இதைத்தான். எம்ஆர்ஐ எடுத்து, பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் மூளையின் பின்பக்கத்துத் தழும்பு சில நேரம் உண்மையைச் சொல்லிவிடும். சிடி ஸ்கேன் பெரும்பாலும் சொல்லாது. பெற்றோர் கையில் இருப்பது சிடி ஸ்கேனாகவே இருக்கும்.

அடுத்து, தேடாமல் விடப்படுபவை. எண்ணிக்கையில் இவை மிகக் கொஞ்சம். ஆனால் தவறவிட்டால் மன்னிக்க முடியாதவை, ஏனென்றால் மருந்து உண்டு. எந்த வலிப்பு மருந்துக்கும் அடங்காமல் விட்டமின் பி6க்கு மட்டும் அடங்கும் ஒரு வகை 1954 முதல் தெரிந்தது. அதன் மரபணு 2006இல் பிடிபட்டது. பயோட்டினிடேஸ் என்ற நொதிக் குறைபாட்டில் வலிப்போடு தோலில் செதில், முடி கொட்டுதல், காது மந்தம் எல்லாம் சேர்ந்து வரும்; பயோட்டின் என்ற சாதாரண விட்டமின் மாத்திரை தினமும் கொடுத்தால் வலிப்பு நிற்கும். தாய்க்கு பி12 குறைந்தால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் குறையும். நன்றாக உட்கார்ந்திருந்த குழந்தை மறுபடி படுத்துவிடும், முடி செம்பட்டையாகும், கைமுட்டி கருக்கும், கைகால் நடுங்கும். இந்திய மருத்துவர்கள் 1950களிலிருந்தே எழுதிவரும் நோய் இது. சைவ வீடுகளில் மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். முட்டையும் மீனும் கணவனுக்கும் மூத்த பிள்ளைக்கும் போக, மிஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் தாய்க்கும் வரலாம். மூளைக்குள் சர்க்கரையைக் கொண்டுபோகும் புரதமே பழுதாயிருக்கும் இன்னொரு நோய் 1991இல் விவரிக்கப்பட்டது. வெறும் வயிற்றில், விடிகாலையில் வலிப்பு அதிகம் வரும். முதுகுத் தண்டு நீரிலும் ரத்தத்திலும் ஒரே நேரத்தில் சர்க்கரை பார்த்தால் துப்புக் கிடைத்துவிடும். அரிசியை ஒதுக்கி, தேங்காயெண்ணெய், முட்டை, நெய் என்று கொழுப்பிலேயே ஓட்டும் உணவுமுறைதான் இதற்கு மருந்து. ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் வீட்டில் அது எவ்வளவு சிரமம் என்பதை டயட்டீஷியன்கள் ஒருமுறை சமைத்துப் பார்த்தால்தான் புரியும்.

பெற்றோரின் பிடிவாதம் ஒரு நோயையே கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு. நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய்க்கு இரண்டு குழந்தைகள், இருவருக்கும் வளர்ச்சி இல்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு விநோதமான வாடை அடிக்கிறது என்று அவர் மருத்துவர் மருத்துவராகச் சொல்லிவந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் பொருட்படுத்தினார். சிறுநீரை வாங்கிச் சோதித்துப் பார்த்ததில் பிறந்ததுதான் இன்று ஃபினைல்கீட்டோனூரியா என்று அறியப்படும் நோய். உணவைக் கட்டுப்படுத்தினாலே அந்த மூளைச் சேதத்தைத் தடுத்துவிடலாம் என்பது 1950களில் நிரூபணமாயிற்று. அந்த இரண்டு பிள்ளைகளுக்கு அது உதவவில்லை. பின்னாளில், பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்தை அட்டையில் சொட்டவிட்டு இந்த நோயைப் பிடிக்கும் எளிய சோதனையை உருவாக்கிய ராபர்ட் கத்ரியும் மனவளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளையின் தகப்பன்தான். அந்த அட்டைச் சோதனையைப் பல நாடுகள் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்கின்றன. இந்தியாவில் அது இன்னும் எல்லோருக்குமான ஏற்பாடாகவில்லை. தனியார் மருத்துவமனையின் 'பேக்கேஜ்' பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் காரணங்களையும் கேட்க வேண்டும். சளி பிடித்த குழந்தையின் மார்பில் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது, கற்பூரத்தைத் துணியில் முடிந்து மூக்கருகே கட்டுவது எல்லாம் நம் வழக்கம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். தைலம் தேய்த்ததா என்று ஒரு கேள்வி கேட்டால் சில குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கான மாத்திரை மிச்சமாகும். ஈயம் இன்னொன்று. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் வேலை, பெயின்ட் வேலை, வார்ப்படப் பட்டறை என்று தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கும் தகப்பனின் சட்டையில் ஒட்டிய தூசு வீட்டுக்கு வருகிறது. அதே சட்டையோடுதான் பிள்ளையைத் தூக்குவார். உலகில் மூன்று குழந்தைகளில் ஒருவரின் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஈயம் இருப்பதாக யூனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. இந்தியாவின் பங்கு 27 கோடிக்கு மேல். மிக அதிகமானால் வலிப்பு, கொஞ்சமாகச் சேர்ந்தால் அறிவு வளர்ச்சியில் இழப்பு. ஆனால் தகப்பனின் வேலை என்ன என்ற கேள்வி ஓ.பி. சீட்டில் வருமானம் அறிவதற்காக மட்டுமே கேட்கப்படுகிறது.

வேலூரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒரே ஒரு வளையம்போல் ஸ்கேனில் தெரியும் புள்ளியோடு வலிப்பு வந்த எத்தனையோ இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் மூளைக் காசநோய் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் சிஎம்சியின் மாத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழு என்று காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் சற்றுப் பெரியவர்கள், வளர்ச்சியில் குறையில்லாதவர்கள். நம் கைக்குழந்தைகளின் கதை வேறு. ஆனாலும் ஒரு மாநிலத்துக்குள் இருந்த ஒரு மருத்துவமனை, எல்லோரும் ஒத்துக்கொண்ட பதிலை மறுபடி சோதித்துப் பார்க்கத் துணிந்ததால் நாடு முழுக்கச் சிகிச்சை மாறியது.

இனி, மரபணு. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள்; நாட்டிலேயே இது மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மாமன் மகளைக் கட்டியதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் வீட்டில் ஒரு போர் தொடங்கும். யார் முதலில் சம்பந்தம் பேசியது என்பதில் ஆரம்பித்து, கடைசியில் பழி தாயின் தலையில் வந்து விடியும். சொந்தத்தில் மணப்பது, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் தோன்றும் ஒடுங்குநிலை நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. அப்படிப்பட்ட நோயென்றால் அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஆனால் கைக்குழந்தை வலிப்புகளில் பல, பெற்றோர் இருவரிடமும் இல்லாத, கருவில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வருகின்றன. அதில் மிகவும் அறியப்பட்டது டிரவே சிண்ட்ரோம். பிரெஞ்சு மருத்துவர் ஷார்லோட் டிரவே 1978இல் விவரித்தது, 2001இல் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. ஆறு மாதம்வரை குறையேதும் தெரியாத குழந்தைக்குக் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, பெரும்பாலும் ஒரு பக்கமாக. வெந்நீர்க் குளியல்கூடத் தூண்டும். அதற்கு முந்தின நாள் தடுப்பூசி போட்டிருந்தால் பழி ஊசியின்மேல்தான். 2006இல் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழுவினர், தடுப்பூசியால் மூளை பாதித்ததாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது 11 பேரிடம் இந்த மரபணு மாற்றம் இருந்தது. ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே. இந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதில் உடனடி நடைமுறைப் பலன் உண்டு: வலிப்புக்கு வழக்கமாக எழுதப்படும் கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்றவை டிரவே குழந்தைக்கு வலிப்பைக் கூட்டிவிடும்.

மரபணுச் சோதனை இப்போது எச்சிலிலும் ரத்தத்திலும் செய்துவிடுகிறார்கள்; விலை ஒரு ஷிஃப்ட் தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். எல்லோருக்கும் விடையும் கிடைப்பதில்லை. 'பொருள் நிச்சயமில்லாத மாற்றம்' என்று வரும் அறிக்கை பெற்றோரை இன்னும் குழப்புகிறது. உலகத் தரவுத்தளங்களில் நம் மக்களின் மரபணுக்கள் குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். சொந்தத்தில் மட்டுமல்ல, நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணந்துவந்ததால் தெற்காசியாவின் பல சமூகங்களில் தங்களுக்கே உரிய அரிய நோய்கள் சேர்ந்திருக்கின்றன என்று ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் சகாக்களும் 2017இல் காட்டினார்கள். இன்று விடையில்லாத அறிக்கையை இரண்டு வருடம் கழித்து மறுபடி அலசினால் சிலருக்கு விடை கிடைக்கிறது. அதனால் அறிக்கையைத் தூக்கிப் போடக் கூடாது. இது மூன்றாவது வகை: உண்மையிலேயே தெரியாதது. ஆனால் அதுவும் நிரந்தரமில்லை.

நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை பிள்ளையை வளர்க்க வேண்டுமே. இங்கேதான் பெற்றோரின் நாள் முழுக்கப் போகிறது. மூளை அலைகளைப் பதியும் இஇஜி எடுக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே தலைக்குக் குளிப்பாட்ட வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது. குழந்தையை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருந்து விடிகாலை ரயிலேற்ற வேண்டும். ரயிலின் ஆட்டத்தில் அது தூங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. மருத்துவமனையில் தூங்க வைக்கச் சிரப் கொடுப்பார்கள். அழுது அழுது அது தூங்குவதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வயர் ஒட்டிய பசை தலைமுடியில் காய்ந்து போயிருக்கும். இவ்வளவும் செய்து எடுத்த பதிவு அரை மணி நேரம். அதில் தூக்கமே இல்லையென்றால் வெஸ்ட் சிண்ட்ரோமின் அலைக்கோலம் தெரியாமலே போகலாம்.

அதைவிட மேலான பதிவு பெற்றோரின் கையிலேயே இருக்கிறது: செல்போன். வெட்டு வரும்போது வெளிச்சத்தில், துணி விலக்கி, முகமும் கைகாலும் தெரிகிறபடி ஒரு நிமிட வீடியோ. கூடவே ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை தடவை, காய்ச்சல் இருந்ததா, மருந்து தவறியதா. வெஸ்ட் செய்த அதே வேலை. காமிராவை எடுக்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள் என்று அதட்டும் மாமியார்களுக்கும், வீடியோவைப் பார்க்க நேரமில்லை என்று கையசைக்கும் மருத்துவர்களுக்கும் இதன் மதிப்பு தெரியவில்லை.

பெரிய வலிப்பு வந்தால் செய்வது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தல், வாயில் ஸ்பூனோ விரலோ விடாதிருத்தல், கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதிருத்தல், கடிகாரம் பார்த்தல். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே. குழந்தையின் எடைக்கு எத்தனை அழுத்து என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும். பிறகு 108. வேப்பம்பட்டுக்காரர்களுக்கு இந்த ஐந்து நிமிடத்தின் அருமை நன்றாகவே தெரியும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போவதற்கான மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் பாதியில் நின்ற ஊர் அது.

வலிப்பு நின்றால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று காத்திருப்பது பெற்றோர் செய்யும் பெரிய தவறு. மருத்துவர்களும் அப்படி விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி வேலை. கழுத்து நிற்க, குப்புற விழ, விழுங்க, முகம் பார்க்கத் தினமும் பயிற்சி வேண்டும். காரணம் தெரிகிறதோ இல்லையோ, அந்தப் பயிற்சி ஒன்றுதான். இதில் தமிழ்நாட்டிடம் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கி இன்று வித்யாசாகர் என்ற பெயரில் நடக்கும் நிறுவனம்; பிறந்ததிலிருந்தே பயிற்சியைத் தொடங்க 'உபநயன்' என்ற முறையை உருவாக்கிய தி. நகரின் மதுரம் நாராயணன் மையம். தாயும் தகப்பனும் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறும் சிஎம்சியின் நம்பிக்கை நிலையம். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம், 2021இல் அங்கே திறந்த ஆரம்பநிலை மையம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் வழி. அவர்கள் மையத்துக்கு வா என்று கூப்பிடுவதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், செல்போன் செயலியில் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். முட்டுக்காடு வேப்பம்பட்டிலிருந்து சென்னையின் மறுகோடி. வாரம் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்வர வேண்டுமென்றால் தாய் வேலையை விட வேண்டும். பெரும்பாலும் அவர் ஏற்கெனவே விட்டிருப்பார்.

அரசிடம் திட்டமில்லை என்று சொல்ல முடியாது. அங்கன்வாடிக்கே போய்க் குழந்தைகளைச் சோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் 2013இல் வந்தது, மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தோடு. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. உலக வங்கி உதவியோடு உரிமைகள் திட்டம் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் நுழைவாயில் மாற்றுத்திறனாளி அட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. வலிப்பு நோய் தனியாக அதில் இல்லை. அட்டை வேண்டுமென்றால் வளர்ச்சித் தாமதத்தைக் காட்டியாக வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதுவும் கிடையாது, பயிற்சியால் அதிகப் பலன் வரும் வயது அதுதான் என்றாலும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 'முழுமையான வளர்ச்சித் தாமதம்' என்று தற்காலிகச் சான்று. ஐந்தாம் வயதில் மறுபடி வரிசை. வலிப்பை வெளியே சொல்லவே கூசும் வீடுகள் வேறு. 1999 வரை வலிப்பு நோய் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாக இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்தது. பெண் குழந்தைக்கு வலிப்பு என்றால் பாட்டிகள் இன்னமும் 'ஜுரம் வந்துச்சு' என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் தாளில் நான்கு விவரங்கள் கட்டாயம் எழுதப்பட வேண்டும்: பிறந்த எடை, பிறந்ததும் அழுததா, எத்தனை மணி நேரம் கழித்து முதல் பால், ரத்தச் சர்க்கரை எத்தனை. மரபணுச் சோதனைக்கு முன்னால் பி12, பயோட்டினிடேஸ், ஈயம் ஆகிய மூன்று ரத்தச் சோதனைகள் திருவள்ளூரிலேயே கிடைக்க வேண்டும். தூங்கும் குழந்தைக்கு இஇஜி எடுக்கப் பொறுமையுள்ள ஒரு டெக்னீஷியனும் அங்கே வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினால், எதையெல்லாம் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதையும் கீழே சேர்த்து எழுத வேண்டும். எழும்பூரிலோ வேலூரிலோ அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கும் மருத்துவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தேடுவார்.